பிழை பிடிக்கிறதும் பிழை தேடுறதும்

வீட்டில் தண்ணி மோட்டர் திடீரென்று நின்றுபோனால் எங்கட வீடுகளில் முதல் எழும்புகிற கேள்வி "என்ன நடந்தது?" இல்லை. "கடைசியா ஆர் தொட்டது?" என்பதுதான். ரிமோட் வேலை செய்யாட்டியும் அதே கேள்வி. சைக்கிள் செயின் கழன்றாலும் அதே கேள்வி. தொட்ட ஆள் பிடிபட்டவுடன் அரைவாசிப் பேருக்கு மனம் ஆறிவிடும். மோட்டர் மட்டும் அப்படியே நிற்கும்.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றினது ஒரு விளையாட்டு நீராவி இயந்திரத்தாலும், அதற்கு நாங்கள் செய்த ஸ்பிரிட் விளக்காலும். விசயம் சின்னன். ஆனால் அந்த விளக்கு எரியாமல் போன மூன்று கிழமைக்குள் எங்களைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டது கொஞ்சம் பெரிசு.

எங்களில் ஒருத்தருடைய மாமா லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் விளையாடி முடித்த பழைய மாமொட் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமொட் 1937இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் தொடங்கினது. பித்தளைக் கொதிகலன், அதன் கீழே தகரத்தால் ஒரு அடுப்பறை, ஆடி ஆடி வேலை செய்கிற ஒரு சிலிண்டர், பக்கத்தில் ஒரு சில்லு. கொதிகலனுக்குள் தண்ணீர் விட்டுக் கீழே நெருப்பு வைத்தால் சில்லு சுற்றும். பழைய மாமொட்களில் கீழே எரிகிறது ஒரு ஸ்பிரிட் விளக்கு. 1970களில் அதை விட்டுத் திண்ம எரிபொருள் வில்லைகளுக்கு மாறினார்கள். எங்களிடம் வந்தது பழையது. அதன் விளக்கு எப்பவோ தொலைந்துவிட்டது.

அப்ப நாங்களே செய்வோம் என்று முடிவெடுத்தோம். செய்தது எங்களில் இளையவள். எங்களுக்குள் ஈயம் உருக்கி ஒட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், வீட்டில் பழுதான ரேடியோக்களைக் கிண்டிப் பழகினது. சப்பாத்துப் பொலிஷ் டின் ஒன்றைக் கழுவித் துடைத்து எரிபொருள் தாங்கி ஆக்கினாள். பழைய ரேடியோ அன்ரனாவில் இருந்து மூன்று துண்டுக் குழாய் வெட்டி, மூடியின் ஒரு பக்கத்தில் துளை போட்டு ஒட்டினாள். குழாய்களுக்குள் பருத்தி நூல் திரி. டின்னின் ஒரு பாதி அடுப்பறைக்குள்ளே, மற்றப் பாதி வெளியே. பார்க்க வடிவாக இருந்தது. மேசையில் வைத்துப் பற்றவைத்தோம். மூன்று நீலச் சுவாலை. கைதட்டினோம். படமும் எடுத்தோம்.

பிறகு கொதிகலனுக்குக் கீழே வைத்தோம். இரண்டு நிமிசத்தில் சுவாலை சுருங்கியது. கண்ணெரிகிற மாதிரி ஒரு புகைமணம். பிறகு திடீரென்று குழாய் வாயில் ஸ்பிரிட் பொங்கிச் சுவாலை பெரிதாகி, அடங்கி, அணைந்தது. திரும்பப் பற்றவைத்தோம். திரும்ப அதே கதை. தண்ணீர் சூடானது, கொதிக்கவில்லை. சில்லு அசையவில்லை.

"ஒட்டினது சரியில்லைப் போல" என்று ஒருத்தர் சொன்னார். "ஒழுகுது போல" என்று இன்னொருத்தர். "கைராசி இல்லை" என்று மூன்றாமவர் பகிடியாகச் சொன்னார், நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

அவள் இல்லாமல் நாங்கள் "திருத்த" வெளிக்கிட்டோம். ஒரே பின்னேரத்தில் திரியை மாற்றினோம். குழாய்களின் மேல் இன்னும் கொஞ்சம் குழாய் செருகி உயரமாக்கினோம். வேறு பார்மசியில் வேறு ஸ்பிரிட் வாங்கினோம். ("என்னத்துக்கு தம்பி?" என்று அவர் கேட்ட விதத்தில், நாங்கள் அதைக் குடிக்கப் போகிறோம் என்று நினைத்தது விளங்கியது.) கொதிகலனுக்குத் தண்ணீரும் கூட விட்டோம். எல்லாம் மாற்றின பிறகு விளக்கு முன்னையைவிட மோசமாக எரிந்தது. ஏன் மோசமானது? எங்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை, நாலு விசயத்தை ஒன்றாக மாற்றியிருந்தோம்.

இங்கேதான் எங்களுக்கு வெட்கமான இடம். எங்களில் மூன்று பேர் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவு. "ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்திருத்தல்" என்று வினாத்தாளில் எத்தனை தரம் எழுதிப் புள்ளி வாங்கியிருப்போம்! கையில் ஒரு உண்மையான பிரச்சினை வந்தபோது அந்த வசனம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது "ஆர் செய்தது?" என்பது மட்டும்தான். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு முடிந்துவிட்டது. வீட்டில் பழகினது கையில் நின்றது.

ஒருத்தருடைய அம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னா. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் ஒரு மெல்லிய திரியுமாக எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதினை எடுத்தவர்கள் எங்கட பெற்றோர். "திரியை இறுக்கி அடைச்சால் எண்ணெய் ஏறாது பிள்ளையள்" என்றா. நல்ல யோசனை. திரியில் சில இழைகளை உருவி எடுத்தோம். சுவாலை கொஞ்சம் தெளிந்தது, ஆனால் பிறகும் அணைந்தது. அம்மா சொன்னதில் உண்மை இருந்தது, அது எங்கட முழுப் பதிலும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தோம்: அம்மா திரியைப் பற்றிக் கதைத்தா. விளக்கைச் செய்தது ஆர் என்று கேட்கவே இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் இளையவளின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க என்று போனது, கேட்கத் தெரியாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம். அவள்தான் கதையைத் தொடங்கினாள்.

"நான் ஒட்டின இடம் ஒழுகுதா எண்டு ஆராவது பாத்தனீங்களோ?"

ஒருத்தரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கப் பத்து நிமிசம் போதும். டின்னுக்குள் தண்ணீர் விட்டு, அதில் நாலு துளி நீல மை கலந்து, மூடியை இறுக்கிப் பக்கமாகச் சரித்து வெள்ளைத் துணியில் வைத்தாள். குழாய் வாய்கள் மேல்நோக்கி இருந்தன, ஒட்டுகள் தண்ணீரில் இருந்தன. பத்து நிமிசம் பார்த்தோம். அரை மணித்தியாலம் விட்டும் பார்த்தோம். துணியில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

இரண்டு கிழமையாக ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தோம். பத்து நிமிசமும் நாலு துளி மையும் செலவழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அவளே ஒரு கொப்பி எடுத்தாள். இடப்பக்கம் "என்ன நடக்குது", நடுவில் "என்ன காரணமாக இருக்கலாம்", வலப்பக்கம் "எப்படிப் பார்க்கிறது". நாங்கள் கூட்டிச் செருகின குழாய்களைக் கழற்றி விளக்கைப் பழையபடி ஆக்கினோம். அதற்குப் பிறகு ஒரு தரத்துக்கு ஒன்றுதான் மாற்றுவது என்று சட்டம்.

முதலில் கொதிகலன் இல்லாமல், காற்றாடியை நிறுத்திவிட்டு, தனி விளக்கை எரியவிட்டுப் பார்த்தோம். நாலைந்து நிமிசத்தில் அங்கேயும் சுவாலை சுருங்கியது! முதல் நாள் மேசையில் "நல்லா எரியுது" என்று கைதட்டினோமே, அன்றைக்கு ஒரு நிமிசம்கூட எரியவிடவில்லை. அப்ப கொதிகலன் மட்டும் காரணம் இல்லை. பொலிஷ் டின் மூடி காற்றுப் போகாமல் இறுகும், அதற்காகத்தான் அந்த டின்னையே எடுத்தோம். உள்ளே ஸ்பிரிட் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வழி இல்லாட்டி உள்ளே அமுக்கம் குறையும், திரியால் ஸ்பிரிட் ஏறக் கஷ்டப்படும். கொதிகலனுக்குக் கீழே வைத்தால் டின் சூடாகும். எதனோல் 78 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும், அதற்கு முன்னமே நிறைய ஆவியாகும். அப்ப உள்ளே அமுக்கம் கூடி ஸ்பிரிட்டைத் திரி வழியாக வெளியே தள்ளும். சுருங்குவதும் பொங்குவதும் ஒரே பிழையின் இரண்டு முகம்.

விளக்கை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மூடியின் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய கம்பித் துண்டைச் செருகி இடைவெளி விட்டுப் பார்த்தோம். சுவாலை சீராக நின்றது. பிறகு டின்னை வெறுமையாக்கி, கழுவிக் காயவிட்டு, அடுப்பறைக்கு வெளியே நிற்கிற பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு துளை ஒன்று போட்டோம். துளை சுவாலைக்குக் கிட்ட இருக்கக்கூடாது, அதால் வருகிற ஆவி பற்றிக்கொள்ளும்.

அடுத்தது புகைமணம். கொதிகலனுக்குக் கீழே வைத்தவுடன் அது திரும்ப வந்தது. இதற்கு இரண்டு காரணம் எழுதினோம். ஒன்று, டின் அடுப்பறையின் வாயை அடைப்பதால் காற்றுப் போதாது. இயந்திரத்தின் கால்களுக்குக் கீழே உடைந்த தரையோட்டுத் துண்டுகளை வைத்து உயர்த்தினோம். சுவாலை நிமிர்ந்தது, மணம் போகவில்லை. இரண்டாவது, சுவாலை கொதிகலனில் முட்டுவது. எரிந்து முடியமுதல் குளிர்ந்த உலோகத்தில் பட்டால் எரிதல் பாதியில் நின்றுவிடும், கண்ணைக் கரிக்கிற ஆவி அதில்தான் வருகிறது. எங்கட குழாய் வாய்க்கும் கொதிகலனுக்கும் இடையில் பத்து மில்லிமீற்றர்கூட இல்லை. குழாயை அரத்தால் தேய்த்து இருபது மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விட்டோம். மணம் நின்றது. முதலில் உயரமாக்கினால் நல்லம் என்று நினைத்து நாங்கள் செய்தது நேரெதிர்.

மூன்றாவது, ஒவ்வொரு தரம் ஸ்பிரிட் நிரப்பவும் சுவாலை முந்தினதைவிடச் சின்னதாகி வந்தது. திரியை உருவிப் பார்த்தால் நுனி கறுத்து, பிசுபிசுத்து, விறைத்துப்போய் இருந்தது. அப்பதான் போத்தலின் லேபிளை வாசித்தோம். பார்மசியில் தோலுக்குப் பூச விற்கிற ஸ்பிரிட்டில் சிலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய் கலப்பார்கள், தோல் காயாமல் இருக்க. ஸ்பிரிட் எரிந்து போகும், எண்ணெய் திரியில் தங்கிவிடும். இன்னும் சிலதில் தண்ணீர் பங்கு கூட. எங்களிடம் இருந்த இரண்டு போத்தலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, முற்றத்தில் இரண்டு தகர மூடிகளில் விட்டு எரித்தோம். ஒன்றில் மினுமினுப்பான எண்ணெய்ப் படலம் மிஞ்சியது. மற்றது காய்ந்து சுத்தமாக இருந்தது. காய்ந்ததை எடுத்தோம், புதுத் திரி போட்டோம்.

கடைசியாகக் கணக்கு. 100 மில்லிலீற்றர் தண்ணீரை 30 பாகையில் இருந்து 100க்குக் கொண்டுவர ஏறக்குறைய 29 கிலோயூல் வேண்டும். ஒரு மில்லிலீற்றர் எதனோல் எரிந்தால் ஏறக்குறைய 21 கிலோயூல் வரும். அப்ப ஒன்றரை மில்லிலீற்றர் போதும் என்கிறது கடதாசி. எங்கட விளக்கு அதைப்போலப் பல மடங்கு குடித்தது. "அப்ப இன்னும் பிழை இருக்கு" என்று ஒருத்தர் தொடங்கினார். இல்லை. பக்கத்தால் போகிற சூடு, தகரம் குடிக்கிற சூடு, காற்றோடு போகிற சூடு என்று மிச்சம் முழுக்க வெளியே போகிறது. எல்லாக் குறைவும் பிழை இல்லை. சிலது அந்தப் பொருளின் இயல்பு.

இந்தக் கதைக்கு ஒரு பெரிய அண்ணனும் உண்டு. 1763ஆம் ஆண்டுக் குளிர்காலம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகொமன் நீராவி இயந்திரத்தின் சின்ன மாதிரி ஒன்று இருந்தது, வகுப்பில் காட்ட. அது ஒழுங்காக ஓடவில்லை. லண்டனுக்கு அனுப்பியும் சரிவரவில்லை. பிறகு அங்கே கருவிகள் திருத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட் என்ற இளைஞரின் கைக்கு வந்தது. அவர் திருத்தின பிறகும் சில அடி அடித்துவிட்டு நின்றது. செய்தவன் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். அவர் கேட்டது வேறு: இவ்வளவு நீராவியும் எங்கே போகுது? ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டரைக் குளிராக்கித் திரும்பச் சூடாக்குவதில்தான் பெரும்பகுதி வீணாகிறது என்று கண்டார். நீராவியைத் தனியான ஒரு பாத்திரத்தில் குளிர வைக்கலாம் என்ற எண்ணம் 1765இல் வந்தது, 1769இல் காப்புரிமை எடுத்தார். தொழிற்சாலைகளை மாற்றின இயந்திரத்தின் ஒரு வேர், ஓடாத ஒரு மாதிரியிடம் கேட்ட சரியான கேள்வியில் இருக்கிறது. நாங்கள் ஜேம்ஸ் வாட் இல்லை. ஆனால் கேள்வி எல்லாருக்கும் பொது.

எங்கட பேச்சில் இரண்டு சொல் இருக்கிறது. பிழை பிடிக்கிறது ஒன்று, பிழை தேடுறது மற்றது. பிழை பிடிக்கிறவருக்கு ஒரு ஆள் தேவை. ஆள் கிடைத்தவுடன் வேலை முடிந்தது. பிழை தேடுறவருக்கு ஒரு கொப்பியும் பொறுமையும் தேவை, தான் நினைத்தது பிழையாக இருக்கலாம் என்ற எண்ணமும் தேவை. முதலாவதில் நாங்கள் எல்லாரும் விண்ணர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால், விளையாட்டுக் கழகம் தோற்றால், வாசகசாலைக் கணக்கு உதைத்தால், முதல் தேடுவது ஆளை. அதுவும் பெட்டைப் பிள்ளை கருவி பிடித்த வேலை என்றால் தேடவே தேவையில்லை, ஆள் தயார். அதே ஒட்டை எங்களில் ஒரு பெடியன் ஒட்டியிருந்தால் கைராசிப் பகிடி வந்திருக்குமா? வந்திராது என்பதை எழுதத்தான் வேண்டும்.

"அப்ப ஒருத்தருக்கும் பொறுப்பு இல்லையோ?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அவள் இல்லாத அந்தச் சனிக்கிழமையில் எங்களில் ஒருத்தர், விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலில் இருந்து நேரே ஸ்பிரிட் ஊற்றப் போனார். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. குப்பென்று பற்றினது. கை மயிர் கருகினதோடு தப்பினார், போத்தல் பற்றியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். அது விளக்கின் பிழை இல்லை, அவருடைய பிழை. முதல் நாள் "ஒட்டினது சரியில்லை" என்று சொன்ன அதே ஆள்தான் அவர். அவரும் இந்த "நாங்கள்" என்பதற்குள் இருந்துதான் எழுதுகிறார். "ஆர்?" என்று கேட்கவேண்டிய இடம் உண்டு. "என்ன?" என்று கேட்டு முடித்த பிறகுதான் அந்த இடம் வரும்.

செய்து பார்க்க நினைக்கிற ஆட்களுக்கு நாங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினதைச் சொல்கிறோம். அணைத்து ஆறவிடாமல் ஸ்பிரிட் ஊற்றாதீங்கோ. போத்தலை மூடித் தூரத்தில் வையுங்கோ. பக்கத்தில் ஒரு ஈரச்சாக்கு இருக்கட்டும். அணைக்க ஊதாதீங்கோ, வெறும் டின்னால் மூடுங்கோ. கொதிகலனில் தண்ணீர் வற்ற விடாதீங்கோ, பாதுகாப்பு வால்வை ஒருநாளும் அடைக்காதீங்கோ. எங்கட கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கேத்திலில் படிகிற அதே வெள்ளை கொதிகலனிலும் படியும், மழைத் தண்ணீர் நல்லம். ஈயத்தால் ஒட்டின விளக்கை ஸ்பிரிட் வற்றின பிறகு எரியவிடாதீங்கோ, ஒட்டு இளகும். இந்தக் கடைசி வரி இளையவள் தானாக எழுதினது. தன்னுடைய ஒட்டில் உண்மையில் எங்கே பலவீனம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் குற்றம் சொன்ன இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் ஐந்து மணிபோல் அவள்தான் பற்றவைத்தாள். கொதிக்கத் தொடங்கினதும் சிலிண்டரில் இருந்து முதல் சூடான தண்ணீர்தான் துப்பினது. சில்லை விரலால் ஒரு தரம் சுழற்றிவிட்டாள். நின்றது. இன்னொரு தரம். பிறகு அது தானாகச் சுற்றத் தொடங்கியது, தையல் மெசின் மாதிரி ஒரு சத்தத்தோடு. ஒன்பது நிமிசம் ஓடியது. இந்தத் தரம் ஒருத்தரும் கைதட்டவில்லை. அவள் நேரத்தைக் கொப்பியில் எழுதினாள், நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மன்னிப்பு பிறகு கேட்டோம், வடிவாகக் கேட்டோம். அவள் "சரி, விடுங்கோ" என்றுதான் சொன்னாள். ஆனால் வீட்டில் மோட்டர் நின்றால், வகுப்பில் ஒரு வேலை குழம்பினால், "கடைசியா ஆர் தொட்டது?" என்று வாய்வரை வருகிற கேள்வியை இப்ப நாங்கள் ஒரு பத்து நிமிசம் பிந்திக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பத்து நிமிசத்துக்குள் அனேகமாகப் பிழை எங்கே என்று தெரிந்துவிடுகிறது.